தோட்டத்து மண்ணும் ஒரு நுண்குமிழும்

டிங்கிக் காய்ச்சல் என்றால் நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலைப் பற்றி, ஆற்றில் குளிக்கப் போகும்போதெல்லாம் அம்மா எச்சரித்திருப்பார். ஆனால் மெலியோய்டோசிஸ் என்று சொன்னால், கேமரன்மலையில் என்னிடம் அறிவியல் படிக்கும் படிவம் 5 மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரியவர்களைக் கேட்டாலும் இதே நிலைதான். பகாங் மாநிலத்தில் இருக்கும் நமக்கு இது தெரியாமல் இருப்பது நல்லதல்ல என்பதால் இதை எழுதுகிறேன்.

2010ஆம் ஆண்டு, மாரான் மாவட்டத்தில் உள்ள லூபோக் யூ ஆற்றுப் பகுதியில் ஒருவர் நீரில் மூழ்கினார். அவரைத் தேட மீட்புப் படையினரும் கிராமத்து மக்களுமாக 153 பேர் ஈடுபட்டார்கள். அதன் பிறகு பலருக்குக் காய்ச்சல் கண்டது. 10 பேருக்கு மெலியோய்டோசிஸ் உறுதியானது. அவர்களில் 4 பேருக்கு எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் சேர்ந்திருந்தது. 8 பேர் இறந்தார்கள். ஒருவரைத் தேடப் போய் எட்டுப் பேர். அது நடந்தது வேறெங்கோ அல்ல, நம் மாநிலத்தில்தான்.

இந்த நோயைத் தருவது பர்க்கோல்டேரியா சூடோமல்லை என்ற பாக்டீரியா. இது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவித் திரிவதில்லை. மண்ணிலும் தேங்கிய நீரிலும் தன் பாட்டுக்கு வாழ்கிறது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் அதன் வழியாக நுழையும். பலத்த மழையிலும் காற்றிலும் கிளம்பும் நீர்த்துளியோடு மூச்சு வழியாகவும் போகும். ஒருவருக்கு நிமோனியா போல் வரும். இன்னொருவருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி. மற்றொருவருக்குக் காசநோய் போல் இழுத்துக்கொண்டே கிடக்கும். அதனால்தான் கண்டுபிடிப்பதற்குள் நாள் கடந்துவிடுகிறது. 2005இல் வெளிவந்த பகாங் மாநில ஆய்வொன்றில், பிடிபட்ட நோயாளிகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு நீரிழிவு இருந்தது. பாதிப் பேருக்கு மேல் இறந்திருந்தார்கள்.

நீரிழிவு என்ற சொல்லை இங்கே நிறுத்திப் படியுங்கள். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார, நோய் ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. நம்மில் மூன்று பெரியவர்களுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இரத்தத்தில் சர்க்கரை கூடி நிற்கும் உடலில் இந்தப் பாக்டீரியாவை விழுங்கிக் கொல்ல வேண்டிய வெள்ளை அணுக்கள் சோர்ந்துவிடுகின்றன. மண்ணில் கால் வைத்து வேலை செய்பவர், ஆறாத புண்ணுள்ளவர், இனிப்பு நீர் வியாதி உள்ளவர் என்று ஒரு படம் வரைந்து பாருங்கள். அந்தப் படத்தில் இருப்பவரை உங்களுக்குத் தெரியும். அவர் உங்கள் பெரியப்பாவாக இருக்கலாம்.

மேலே சொன்ன ஆய்வின் நோயாளிகள் பெரும்பாலும் கீழே, தாழ்நிலத்து மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். நம் மலை குளிர்ந்த மலை. ரிங்லெட்டும் தானா ராத்தாவும் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கின்றன. எனவே தேயிலைத் தோட்டத்துக்குள் கால் வைத்தாலே ஆபத்து என்று பயமுறுத்துவது என் நோக்கமல்ல. ஆனால் நம் பிள்ளைகள் மலையிலேயே இருந்துவிடுவதில்லை. ரவூப், லிப்பிஸ், குவாந்தான் என்று இறங்கிப் போய் வேலை செய்கிறார்கள், விடுமுறையில் ஆற்றில் குளிக்கிறார்கள். தோட்டத்திலும் காய்கறிப் பண்ணையிலும் மழைக்காலத்தில் கால்வாய் வெட்டுவதும், சரிந்த மண்ணை அள்ளுவதும் இன்றும் கையாலும் காலாலும் நடக்கிற வேலைதான்.

இந்த நோயின் வரலாற்றிலும் நமக்கு ஒரு பங்குண்டு. 1911இல் ரங்கூனில் மருத்துவர் ஆல்ஃபிரட் விட்மோர், இறந்த ஏழைகளின் உடல்களை அறுத்து ஆராய்ந்தபோது ஒரு புதிய கிருமியைக் கண்டார். அவருடன் வேலை செய்தவர் சி. எஸ். கிருஷ்ணசாமி. 1912இல் கட்டுரை இருவர் பெயரிலும்தான் வந்தது. ஆனால் நோய்க்கு 'விட்மோர் நோய்' என்றே பெயர் நின்றது. கிருஷ்ணசாமி காணாமல் போனார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சற்று எரிச்சல் வரும். 1913இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் வளர்த்த சோதனை விலங்குகளிடையே ஒரு நோய் பரவியது. அதே கிருமிதான் அது என்று அங்கே கண்டறிந்தார்கள். ஸ்டாண்டனும் ஃபிளெட்சரும் 1921இல் மெலியோய்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். பெயரே நம் தலைநகரில் பிறந்த பெயர். நூறாண்டு கடந்தும் மனிதருக்கான ஒரு தடுப்பூசி கூட இதற்கு இல்லை.

ஏன் இல்லை என்பதில்தான் உயிரியல் சுவையாகிறது. இந்தப் பாக்டீரியா நம் செல்லுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்ளும். இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள்களால் மட்டும் அதைப் பிடிக்க முடியாது. செல்லுக்குள் இருப்பதை வேட்டையாடும் டி அணுக்களும் விழித்தெழ வேண்டும். பென்சிலின், ஆம்பிசிலின் போன்ற வழக்கமான மருந்துகளுக்கு இது அசையாது. மருத்துவமனையில் குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசி மருந்து, பிறகு மூன்று மாதம் மாத்திரை என்பது வழக்கமான சிகிச்சை. அப்படியும் சில சமயம் திரும்பி வரும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஓர் அமெரிக்கருக்கு 62 ஆண்டுகள் கழித்து நோய் வெளிப்பட்டது என்று 2005இல் மருத்துவ இதழொன்று பதிவு செய்தது. (சயாம் மரண ரயிலுக்கு நம் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்டவர்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. எந்தக் காய்ச்சலில் யார் இறந்தார் என்று எழுதி வைக்க அவர்களுக்கு யார் இருந்தார்கள்?)

இப்படி அறுபது ஆண்டு உறங்கக்கூடிய கிருமியைப் பலவீனமாக்கி, உயிரோடு ஊசியில் ஏற்றுவதற்கு யாருக்குத் துணிச்சல் வரும்? கொன்று ஏற்றினால் எதிர்ப்பாற்றல் போதுமான அளவு வருவதில்லை. உயிரில்லாததாகவும் இருக்க வேண்டும், உயிருள்ள கிருமியின் தோற்றத்தோடும் இருக்க வேண்டும். அப்படி ஒன்றைப் பாக்டீரியாவே தயாரித்து வெளியே எறிந்துகொண்டிருக்கிறது. அதுதான் நுண்குமிழ்.

இந்த வகைப் பாக்டீரியாவுக்கு உள்சவ்வு, வெளிச்சவ்வு என்று இரண்டு உறைகள் உண்டு. வெளிச்சவ்வு ஆங்காங்கே புடைத்து, கழுத்து இறுகி, உருண்டையாகக் கழன்று விழும். சட்டியில் குழம்பு கொதிக்கும்போது மேலே குமிழ் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல. ஆனால் இந்தக் குமிழ் உடைந்து போகாமல் பாக்டீரியாவை விட்டுப் பிரிந்து மிதந்து போகும். அளவு பெரும்பாலும் 20 முதல் 300 நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமனில் 100 நானோமீட்டர்க் குமிழ்களை வரிசையாக அடுக்கினால் ஏறக்குறைய 800 அடங்கும். சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது, எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். 1967இல் கல்கத்தாவைச் சேர்ந்த சட்டர்ஜியும் தாஸும் காலரா கிருமி இப்படிக் குமிழ் விடுவதைப் படம் பிடித்து வெளியிட்டார்கள். அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகு வெகு நாளும், செல் சாகும்போது சிதறும் குப்பை இது என்றே பலர் நினைத்தார்கள்.

குப்பை இல்லை. உள்ளே புரதம், நொதி, டிஎன்ஏ, ஆர்என்ஏ எல்லாம் இருக்கின்றன. சில பாக்டீரியாக்கள் தங்கள் நச்சை இந்தப் பொட்டலத்தில் வைத்து நம் செல்லுக்கு அனுப்புகின்றன. சூடோமோனாஸ் எருஜினோசா தன் இனத்தாருக்குச் சொல்ல வேண்டிய வேதிச் செய்தியை இதில் ஏற்றி அனுப்புகிறது. மருந்தைச் சிதைக்கும் நொதியை ஒரு பாக்டீரியா குமிழில் வெளியே விட்டால், பக்கத்தில் இருக்கும் வேறு வகைப் பாக்டீரியாவும் அந்த மருந்திலிருந்து தப்பிக்கிறது. அண்டை வீட்டுக்காரர் குடைக்குள் ஒதுங்குவது மாதிரி. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் இந்தக் குமிழ்களில் ஒட்டிக்கொண்டு ஏமாறுவதும் உண்டு. தன் தோலிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து எறிந்து எதிரியை அதன் பின்னால் ஓடவிடும் தந்திரம் இது. பெருகும் ஆற்றல் மட்டும் குமிழுக்கு இல்லை. எவ்வளவு நாள் வைத்திருந்தாலும் ஒரு குமிழ் இரண்டாகாது.

தடுப்பூசி செய்பவர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். கிருமியின் வெளித்தோல் அப்படியே இருக்கிறது, அதில் பதிந்த புரதங்கள் உருக்குலையாமல் இருக்கின்றன, உடலின் காவலை உசுப்பும் பொருளும் கூடவே வருகிறது, ஆனால் நோய் தர முடியாது. கியூபா 1980களின் இறுதியிலேயே மூளைச்சவ்வுக் காய்ச்சல் பி வகைக்கு இந்த முறையில் தடுப்பூசி செய்தது. நியூசிலாந்து 2004இல் தொடங்கி, 20 வயதுக்குக் குறைந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டது. அந்த நியூசிலாந்துக் குமிழோடு மூன்று புரதங்களைச் சேர்த்ததே 2013இல் ஐரோப்பா அனுமதித்த பெக்செரோ. இதில் எதிர்பாராத லாபம் ஒன்றும் கிடைத்தது. நியூசிலாந்தில் ஊசி போட்டவர்களிடையே கொனோரியா என்ற பாலியல் நோயும் ஏறக்குறைய 31 விழுக்காடு குறைந்திருந்ததாக 2017இல் வெளிவந்த ஆய்வு கூறியது. இரண்டு கிருமிகளும் நெருங்கிய உறவு. ஒன்றின் தோலைப் பார்த்துப் பழகிய உடல் இன்னொன்றையும் ஓரளவு அடையாளம் கண்டது. 2025இல் இங்கிலாந்து பெக்செரோ ஊசியைக் கொனோரியாவைத் தடுக்கவும் கொடுக்கத் தொடங்கியது.

குறைகளும் இருக்கின்றன. தோலோடு ஒட்டிய கொழுப்புச் சர்க்கரைப் பொருள் காய்ச்சலைக் கிளப்பும்; சலவைப் பொருள் போன்ற ஒன்றால் கழுவி அதைக் குறைக்க வேண்டும், அல்லது மரபணுவை மாற்ற வேண்டும். ஒரு முறை எடுத்த குமிழும் மறுமுறை எடுத்ததும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. இன்னொன்று முக்கியமானது: கியூபா ஊசி கியூபாவில் சுற்றிய வகைக்கே நன்றாகப் பொருந்தியது. நியூசிலாந்து தன் நாட்டு வகையிலிருந்து தனியாகச் செய்ய வேண்டியிருந்தது.

மெலியோய்டோசிஸுக்கு வருவோம். அமெரிக்காவின் துலேன் பல்கலைக்கழகத்தில் லிசா மொரிசி குழு இந்தக் கிருமியின் குமிழ்களைச் சேகரித்து எலிகளுக்குப் போட்டு, மூச்சு வழியாக வரும் கொடிய தொற்றிலிருந்தும் அவை காப்பாற்றுவதை 2011இல் காட்டியது. 2014இல் குரங்குகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பாதுகாப்பாக இருந்தது, எதிர்ப்பாற்றலும் வந்தது. 2021இல் வந்த ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வசதியான சத்துநீரில் வளர்ந்த பாக்டீரியா ஒருவிதமான குமிழ் விடுகிறது. நம் செல்லுக்குள் இருப்பது போன்ற நெருக்கடியான சூழலில் வளர்த்தால் குமிழில் ஏற்றும் சரக்கே மாறுகிறது. அந்த இரண்டாவது வகைக் குமிழ் எலிகளை நன்றாகக் காத்தது. எதிரி வீட்டில் எப்படி இருக்கிறான் என்பதைவிடப் போர்க்களத்தில் எப்படி இருக்கிறான் என்று காட்டிக் கொடுத்தால் உடல் நன்றாகத் தயாராகிறது.

இந்த ஆராய்ச்சிக்குப் பணம் ஏன் வந்தது என்று கேளுங்கள். நெல் வயலிலும் தோட்டத்திலும் சாகிறவர்களுக்காக மட்டும் வரவில்லை. இந்தக் கிருமியை யாராவது ஆயுதமாக்கிவிடுவார்களோ என்ற அச்சத்தால், அமெரிக்கா இதை மிக ஆபத்தான கிருமிகளின் முதல் வரிசையில் வைத்திருக்கிறது. 2022இல் மிசிசிப்பி மாநிலத்து மண்ணிலேயே இது கிடைத்த பிறகு அக்கறை இன்னும் கூடியிருக்கும். உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இந்த நோய் வருவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் 2016இல் வந்த கணிப்பு சொல்கிறது. பெரும்பங்கு தென்கிழக்கு ஆசியாவும் தென் ஆசியாவும்தான். போர்வீரர்களுக்காகச் செய்யும் ஊசியின் விலையும், அளவும், எந்த ஊர்க் கிருமியிலிருந்து எடுப்பது என்ற தேர்வும் நமக்குப் பொருந்தும் என்று நாம் சும்மா நம்பிக்கொண்டிருக்க முடியாது. சரவாக்கில் கிடைக்கும் இதே கிருமியின் பல வகைகள், மற்ற இடங்களில் வேலை செய்யாத ஜெண்டாமைசினுக்கு அடங்குகின்றன என்று 2014இல் தெரியவந்தது. நம் நாட்டுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு. நியூசிலாந்து கற்ற பாடத்தை நாமும் கற்க வேண்டும் என்றால், நம் மண்ணின் கிருமியை நம் ஆய்வகம்தான் சோதிக்க வேண்டும்.

அதற்கு ஆள் வேண்டும். நம்மில் உயிரியல் நன்றாக வரும் பிள்ளை என்றால் மருத்துவம், இல்லையென்றால் பல் மருத்துவம், அதுவும் இல்லையென்றால் மருந்தியல் என்று வீட்டிலேயே வரிசை போட்டுவிடுகிறோம். நுண்ணுயிரியல் என்று ஒரு மாணவி சொன்னால் "அதுல என்னம்மா வேலை கிடைக்கும்?" என்பதுதான் முதல் கேள்வி. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஷீலா நாதன் இதே கிருமியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். கண்ணுக்கு மங்கலாகவே தெரியும் அளவு சிறிய ஒரு புழுவைத் தொற்றச் செய்து அது எப்படிக் கொல்கிறது என்று பார்த்தவர். அவர் பெயரைத் தமிழ்ப்பள்ளிச் சுவரில் எழுதி வைக்கலாம் என்பது என் கருத்து. உண்மையான கிருமியைத் தொட மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். ஆனால் தொடக்கத்துக்கு அது தேவையில்லை. பர்க்கோல்டேரியா தாய்லாந்தென்சிஸ் என்ற, பெரும்பாலும் தீங்கில்லாத உறவுக் கிருமி இருக்கிறது. அதன் குமிழைப் பிரித்தெடுக்கவும் எண்ணவும் பல்கலைக்கழகத்துச் சாதாரண ஆய்வகத்திலேயே பழகலாம். அதிவேகச் சுழற்சிக் கருவி ஒன்றும் பொறுமையும் வேண்டும்.

தேயிலைக்கும் இதில் ஒரு வழி இருக்கலாம். 2021இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து மெட்டா கியூன் குழு, மண்ணில் வாழும் நல்ல பாக்டீரியா ஒன்றின் குமிழையும் நோய் தரும் பாக்டீரியா ஒன்றின் குமிழையும் சிறு செடிகளுக்குள் செலுத்தியது. செடிகளின் தற்காப்பு விழித்துக்கொண்டது. பிறகு வந்த நோயை அவை தாங்கின. அது கடுகுக் குடும்பத்துச் சோதனைச் செடி, தேயிலை அல்ல. ஆனாலும் ஈரமான மாதங்களில் கொழுந்தில் வரும் கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து தெளிப்பதைக் கேள்விப்பட்ட ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு, இங்கே ஒரு முதுகலை ஆய்வுத் தலைப்பு கண்ணில் பட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், விளம்பரத்தைப் பார்த்து ஏமாறுவார்கள் என்பதால். 'எக்சோசோம்' என்று சொல்லி முகத்துக்கு ஊசியும் தைலமும் விற்கிறார்கள். எக்சோசோம் என்பது விலங்குச் செல்கள் விடும் நுண்குமிழ். மேலே சொன்ன பாக்டீரியாக் குமிழ் வேறு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எந்த எக்சோசோம் சிகிச்சைக்கும் அனுமதி தரவில்லை என்று 2019இலேயே எச்சரித்தது. குடல் பாக்டீரியாக் குமிழ்கள் எடையைக் குறைக்கும், புற்றுநோயைச் சுருக்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் எலிகளில் பார்த்தவை. நிமோனியாவில் சாகிற தோட்டத் தொழிலாளிக்கான ஊசி ஆய்வகத்தில் காத்திருக்க, அதே வகை அறிவியலின் பெயரைச் சொல்லி முகச் சுருக்கத்துக்குக் காசு பறிப்பது எனக்குக் கோபம் தருகிறது.

ஊசி எப்போது வரும் என்று காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் உண்டு. வீட்டில் 30 வயது தாண்டியவர்கள் கிளினிக்கில் ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள்ளட்டும். காலில் புண் இருந்தால் மூடிக் கட்டிக்கொண்டு, ரப்பர் பூட்ஸ் போடாமல் சேற்றில் இறங்க வேண்டாம் என்று அப்பாவிடமும் மாமாவிடமும் நீங்களே சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள், படிக்கிற பிள்ளை சொன்னால் கேட்பார்கள். மழைக்குப் பிறகு சில நாட்கள் காய்ச்சல் விடாமல் அடித்தால், மருத்துவரிடம் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராமல், "மண்ணில் வேலை செய்தேன், எனக்கு இனிப்பு நீர் இருக்கிறது" என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அதைக் கேட்ட மருத்துவர் இரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்ப வாய்ப்புண்டு. அந்தச் சோதனையின் முடிவு வந்தால்தான் சரியான ஊசி மருந்து எதுவென்று உறுதியாகத் தெரியும்.